பத்திரனவை விட்டுட்டு ரெண்டு சின்னப் பெடியளுக்கு 28.40 கோடி: சிஎஸ்கே செய்தது சரியா?

பரந்தன்_மஞ்சள்:

ஏலம் முடிஞ்ச நேரத்தில இருந்து இதையேதான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், மனசு ஆறேல்ல. வெள்ளத்துக்குப் பிறகு இஞ்ச கனபேருக்கு ரிவி பாக்கிற நிலைமையே இல்ல, அதால 2025 டிசம்பர் 16ம் திகதி அபுதாபில நடந்த ஐபிஎல் மினி ஏலத்தைப் பாக்காத ஆக்களுக்காக முதல்ல சொல்லுறன். எங்கட ரீம் சிஎஸ்கே, அதுதான் சென்னை சூப்பர் கிங்ஸ், நவம்பரில கடைசி ஓவர் போடுற வேகப்பந்துக்காரன் பத்திரனவை ரிலீஸ் பண்ணிச்சு, 13 கோடிக்கு வைச்சிருந்த பெடியன், அவனை கொல்கத்தா 18 கோடி குடுத்து எடுத்திட்டுது, ஐபிஎல்ல ஒரு இலங்கைப் பிளேயருக்கு இவ்வளவு காசு முந்தி ஒருநாளும் போனதில்ல. அதுக்கு முதலே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்து சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு எடுத்தாச்சு. கையில மிஞ்சினது 43.40 கோடி, அதில பிரசாந்த் வீருக்கு 14.20, கார்த்திக் சர்மாவுக்கு 14.20. ரெண்டு பேரும் இந்தியாவுக்கு ஒரு மெட்ச்சும் விளையாடாத ஆக்கள், ரெண்டு பேரின்ர அடிப்படை விலையும் 30 இலட்சம்.

பெடியளில எனக்கு ஒரு கோபமும் இல்ல, அவங்கள் நல்லா வரட்டும். என்ர கேள்வி ஒண்டுதான், 17ம் ஓவரில இருந்து 20ம் ஓவர் மட்டும் இனி ஆர் போடுறது? போன 2025 சீசனில கடைசி இடத்துக்கு வந்த ரீம் முதல்ல யோசிக்க வேண்டியது அதைத்தானே? ஆராவது வடிவா விளங்கப்படுத்துங்கோ.

வவுனியா_கணக்கன்:

அண்ணை உங்கட கவலை விளங்குது, ஆனா சம்பளக் கணக்கை முழுசாப் பாருங்கோ. 2024 நவம்பரில ஜெத்தாவில நடந்த மெகா ஏலத்துக்கு, அதாவது ரீம்களைப் புதுசாக் கட்டுற பெரிய ஏலத்துக்கு, முதல் எங்கட ஆக்கள் ஐஞ்சு பேரை வைச்சிருந்தவங்கள், ருதுராஜ் 18, ஜடேஜா 18, பத்திரன 13, துபே 12, தோனி 4, மொத்தம் 65 கோடி. 120 கோடில அரைவாசிக்கு மேல ஏலத்துக்குப் போக முதலே முடிஞ்சுது. மிச்சம் 55ல அஸ்வினுக்கு 9.75, நூருக்கு 10 எண்டு போக பற்றிங் வாங்க காசு இல்ல, திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் எண்டு மலிவில கிடைச்ச ஆக்களை எடுத்தாங்கள். அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், 14 மெட்ச்சில 4 தான் வெண்டது. எங்கட சொந்த கிரவுண்ட் சேப்பாக்கத்தில பெங்களூர் 2008க்குப் பிறகு முதல் தடவையா எங்களை அடிச்சிது, அதே கிரவுண்டில கொல்கத்தாவோட 103 தான் அடிச்சம், அவங்கள் 11வது ஓவரிலயே முடிச்சிட்டாங்கள்.

அப்பிடித் தோத்த ரீம் திருப்பியும் அதே ஐஞ்சு பேருக்கு அதே காசைக் குடுத்துக்கொண்டு இருக்கேலாது. ஜடேஜாவுக்கு 37 வயசு, சாம்சனுக்கு 31. ராஜஸ்தான் ஜடேஜாவை எடுக்கேக்க சம்பளத்தை 18ல இருந்து 14க்குக் குறைச்சுத்தான் எடுத்தது, அப்ப அவரின்ர இண்டைய விலை என்னெண்டு வாங்கினவனே சொல்லிட்டான். பத்திரன 2025ல 12 மெட்ச்சில 13 விக்கெட் எடுத்தவன் சரி, ஆனா ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல குடுத்தவன், வைட் வேற கனக்க. 13 கோடி வாங்கிற ஆளிட்ட இருந்து அது காணாது.

முள்ளியவளை_யோர்க்கர்:

கணக்கன் தம்பி, நீ ஒரு சீசனை மட்டும் எடுத்து வைச்சுக் கதைக்கிறாய், அதாலதான் எனக்கு இதை எழுத வேண்டி வந்தது. பத்திரன 2022ல அடம் மில்னுக்குப் பதிலா வந்தவன், சம்பளம் 20 இலட்சம். போட்ட முதல் பந்திலயே சுப்மன் கில் எல்பிடபிள்யூ அவுட். 2023ல 12 மெட்ச்சில 19 விக்கெட், ஓவருக்கு எட்டு ஓட்டம் தான் குடுத்தவன், அதுவும் முழுக்க கடைசி ஓவர்களில போட்டு, அந்த வருசம் கப் எங்களுக்கு. 2024ல 6 மெட்ச்சில 13 விக்கெட். இவ்வளவையும் அவன் செய்து தந்தது 20 இலட்சத்துக்கு, 13 கோடி அவனுக்குக் கிடைச்சதே போன சீசன் ஒண்டில மட்டும் தான். நாலு வருசத்தையும் கூட்டினா 32 மெட்ச்சில 47 விக்கெட். இந்தக் கணக்கையும் உன்ர கொப்பில எழுதி வை.

2024 மே 18 பெங்களூரில நடந்த மெட்ச்சை மறந்திட்டியளோ? தோத்தாலும் 201 அடிச்சிருந்தாலே பிளேஓவ் போயிருப்பம், 191ல நிண்டம். அதுக்கு முதல் பெங்களூர்க்காரர் 218 அடிச்சவங்கள், கடைசி ஓவர்களில எங்கட போலிங்க வெளுத்தவங்கள், ஏனெண்டா பத்திரன தொடைக்காயத்தோட ஊருக்கு வந்திட்டான். அவன் இல்லாட்டி எங்கட ரீம் எப்பிடி இருக்குமெண்டு அண்டைக்கே கண்ணால பாத்தனாங்கள், அதுக்குப் பிறகும் அவனைக் கைவிடுறது விதைநெல்லை வித்துச் சோறு தின்னுற வேலை.

இன்னொண்டும் சொல்ல வேணும். 2013ல இலங்கைப் பிளேயர்கள் சென்னையில இறங்கக்கூடாதெண்டு தமிழ்நாட்டு அரசு நிண்டது, ஐபிஎல் நிர்வாகமும் அதை ஏத்துக்கொண்டது, சிஎஸ்கேயில இருந்த குலசேகரவும் அகில தனஞ்சயவும் சேப்பாக்கத்தில விளையாடேல்ல. அது எங்கட சனத்துக்கு நடந்ததைப் பாத்து அங்க எழும்பின கோபம், நான் அதைக் குறைச்சுச் சொல்லமாட்டன், குறைச்சுச் சொல்ல ஏலாது. ஆனா பத்து வருசம் கழிச்சு அதே கிரவுண்டில கண்டிப் பெடியன் ஒருத்தன் பந்தோட ஓடி வரேக்க முழுச் சனமும் எழும்பி நிண்டு கத்தினதை முல்லைத்தீவில இருந்து பாத்த ஆள் நான். எனக்கு அந்த நேரம் வந்த சந்தோசத்தை ஆரும் கணக்குப் போட்டுக் காட்டேலாது. அதாலதான் அவன் கொல்கத்தாவின்ர ஊதா உடுப்போட ஈடன் கார்டன்ஸில போடப்போறானெண்டு நினைக்கவே நெஞ்சு கனக்குது.

மாங்குளம்_சந்தி:

கீப்பர் கணக்கை ஒருத்தரும் கதைக்கேல்லயே. சாம்சன் கீப்பர், தோனி கீப்பர், ஊர்வில் பட்டேல் கீப்பர், இப்ப கார்த்திக் சர்மாவும் கீப்பர். ஒரு மெட்ச்சில எத்தினை பேர் கிளவுஸ் போடுறது? அந்த 14.20 கோடில ஒரு நல்ல வேகப்பந்துக்காரனை எடுத்திருக்கலாம். மற்றும்படி ராகுல் சாகர் 5.20க்கு வந்தது நல்லது, சேப்பாக்கத்துக்கு லெக் ஸ்பின் வேணும்.

கிளிநொச்சி_நீலம்:

நான் மும்பை ஆள், உங்கட வீட்டுச் சண்டைக்குள்ள வாறன், கோவிக்காதேங்கோ. மெகா ஏலத்துக்கு முதல் நாங்களும் ஐஞ்சு பேரைத்தான் வைச்சிருந்தனாங்கள், பும்ரா 18, ஹர்திக்கும் சூர்யாவும் 16.35, ரோகித் 16.30, திலக் 8, மொத்தம் 75 கோடி, உங்களை விட 10 கோடி கூட. அந்த ஐஞ்சு பேரும் இண்டைக்கும் அங்கதான். அதால இந்த மினி ஏலத்துக்கு 2.75 கோடியோட தான் போனாங்கள், அதிலயும் டி கொக்கை 1 கோடிக்கு எடுத்தாங்கள். கனக்கக் காசோட ஏலத்துக்குப் போறது பெருமை இல்ல, போன முறை எடுத்த முடிவுகள் பிழைச்சதெண்டு தான் அதுக்கு அர்த்தம். உங்கட பிழை பத்திரனவை வைச்சிருந்ததில இல்ல, அஸ்வினுக்கு 9.75 குடுத்ததில. 2025 ஓகஸ்ட்டில அவர் ஐபிஎல்ல இருந்து ஓய்வெண்டு அறிவிச்சிட்டார், ஒரு சீசனோட அந்தக் காசின்ர வேலை முடிஞ்சுது.

மல்லாவி_கோச்:

எல்லாரும் பெரிய பேருகளைப் பற்றியே கதைக்கிறியள். நான் பள்ளிக்கூடப் பெடியளுக்குப் பழக்கிற ஆள், எனக்கு இந்த ஏலத்தில பிடிச்சதே நீங்கள் பேசுற அந்த ரெண்டு பேரை எடுத்ததுதான். ஏன் எடுத்தாங்களெண்டு விளங்கிறதுக்கு போன சீசனின்ர கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. ருதுராஜ் முழங்கை காயத்தில போனாப் பிறகு 17 வயசு ஆயுஷ் மாத்ரேயைக் கொண்டு வந்தாங்கள், சம்பளம் 30 இலட்சம், பெங்களூரோட 48 பந்தில 94. பிரெவிஸை 2.20 கோடிக்கு இடையில எடுத்தாங்கள், ஈடன் கார்டன்ஸில 25 பந்தில 52. அதே மெட்ச்சில ஊர்வில் பட்டேல் 11 பந்தில 31 அடிச்சான், அதை வெண்டம். கடைசி மெட்ச்சில குஜராத்தை அவங்கட கிரவுண்டிலயே 83 ஓட்டத்தால அடிச்சம். சீசன் முழுக்க மூத்த ஆக்கள் செய்யாததைச் சின்னப் பெடியள் வந்து செய்தாங்கள். அதைப் பாத்த நிர்வாகம் இனி இந்தப் பக்கம் தான் காசெண்டு முடிவெடுத்தது, அது எனக்கு நேர்மையாப் படுது.

பிரசாந்த் வீர் இடதுகை ஸ்பின், இடதுகை பற்றிங், 20 வயசு. யூபி ரி20 லீக்ல நொய்டாவுக்கு விளையாடினவன். ஜடேஜா நிண்ட இடத்துக்கு ஜடேஜா மாதிரியே ஒருத்தன் வேணுமெண்டு தேடிப் பிடிச்சிருக்கிறாங்கள். 14.20 கோடி கூடத்தான், அதை நானும் ஒத்துக்கொள்ளுறன், முந்தி இப்பிடி இந்தியாவுக்கு விளையாடாத பெடியன் ஒருத்தனுக்குப் போன ஆகக்கூடின விலை ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடி தான். ஆனா மினி ஏலத்தில சாமான் குறைவு, காசு கூட, விலை ஏறத்தான் செய்யும்.

சொல்ல வந்தது வேற. உத்தரப்பிரதேசத்தில மாநில லீக் ஒண்டு இருந்தபடியால அந்தப் பெடியன் கண்ணில பட்டான். எங்கட பக்கம் வியாஸ்காந்த் ஒருத்தனைப் பாருங்கோ, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில படிச்ச பெடியன், 2020ல எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) தொடங்கி யாழ்ப்பாண ரீம் எண்டு ஒண்டு வந்தபடியால தான் வெளில தெரிஞ்சான், 2024ல ஹசரங்க காயப்பட ஹைதராபாத் 50 இலட்சத்துக்குக் கூப்பிட்டுது. ரீம் ஒண்டு இருந்தா ஆள் வெளில வருவான். மல்லாவியிலயும் துணுக்காயிலயும் முழங்காவிலயும் என்ர கண்ணுக்கு முன்னால நல்லா சுழட்டுற பெடியள் இருக்கிறாங்கள், விரிப்பு விரிச்ச மட்டிங் பிச்சில விளையாடி, 19 வயசில நிப்பாட்டிப்போட்டு வயலுக்கோ வெளிநாட்டுக்கோ போறாங்கள். மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு 2025ல அடிக்கல் வைச்சவை, நல்ல விசயம், ஆனா அதுக்குள்ள இறங்கிறதுக்கு வன்னிப் பெடியனுக்கு மாவட்ட மட்டத்தில ஒழுங்கான லீக் ஒண்டு வேணும், புல்லு வளத்த ரேர்வ் பிச் ஒண்டு வேணும். 30 இலட்சப் பெடியனுக்கு 14 கோடி குடுத்தாங்களெண்டு கேக்கேக்க உங்களுக்குக் கோபம் வருது, எனக்கு இப்பிடி ஒரு வழி எங்கட பெடியளுக்கும் திறக்காதோ எண்டு தான் வருது.

முள்ளியவளை_யோர்க்கர்:

கோச் அண்ணை, நீங்கள் சொல்லுற ஒவ்வொண்டும் சரி, லீக் விசயத்துக்கு ஆராவது கையெழுத்து சேத்தா முதல் ஆளா நான் வருவன். ஆனா பத்திரனக்கும் 22 வயசு தானே நடந்தது ரிலீஸ் பண்ணேக்க? இளம் ஆக்களை வளக்கிறமெண்டு சொல்லுற ரீம் தானே வளத்த இளம் ஆளை விட்டது.

காசு இல்லையெண்டும் சொல்லேலாது. கமரூன் கிரீனுக்காக எங்கட ஆக்கள் 25 கோடி மட்டும் ஏறினவங்கள், கொல்கத்தா 25.20 எண்டாப் பிறகு தான் விட்டவங்கள். கிரீனுக்கு 25 குடுக்க மனம் வந்தவங்களுக்கு பத்திரனவுக்கு 13 ஏன் கனத்தது?

வவுனியா_கணக்கன்:

அண்ணை, நல்ல கேள்வி. கிரீன் பற் பண்ணுவான், பந்தும் போடுவான், ஒரு வெளிநாட்டு இடத்தில ரெண்டு வேலை நடக்கும். வேற ஒரு விசயமும் இருக்கு, மினி ஏலத்தில வெளிநாட்டுப் பிளேயர் எவ்வளவுக்குப் போனாலும் அவன்ர கைக்கு 18 கோடிக்கு மேல வராது, மிச்சம் இந்திய போர்டின்ர நலநிதிக்குப் போகும், ஆனா ரீமின்ர பேர்ஸில, அதாவது செலவழிக்கக்கூடிய காசில, முழு 25.20ம் கழியும். அந்தத் தோல்வி எங்களுக்கு நல்லதாப் போச்சு எண்டுதான் நான் பாக்கிறன், கிரீனை எடுத்திருந்தா 18 கோடி தான் மிஞ்சியிருக்கும், வீரும் கார்த்திக்கும் ரெண்டு பேரும் வந்திருக்கமாட்டாங்கள்.

பத்திரன விசயத்தில உங்களோட ஒரு இடத்தில ஒத்துப்போறன். அவனை 13 கோடிக்கு வைச்சிருக்கிறது பிழை, ஆனா ஏலத்தில 8, 9க்கு வந்தா திருப்பி எடுக்கலாமெண்டு அவங்கள் நினைச்சிருந்தா அது அதை விடப் பெரிய பிழை. கொல்கத்தா 64.30 கோடியோட வந்து இருக்கேக்க கடைசி ஓவர் போடுற நல்ல போலர் ஒருத்தன் மலிவில வரமாட்டான்.

பரந்தன்_மஞ்சள்:

எல்லாருக்கும் நன்றி, கனக்க விசயம் விளங்கிச்சு. ஜடேஜாவை அனுப்பினது எனக்கு இன்னும் வலிக்குது, 2023 பைனலில கடைசி ரெண்டு பந்தில பத்து ஓட்டம் அடிச்ச மனிசன். ஆனா 37 வயசெண்டு கணக்கன் சொன்னதை என்னால மறுக்கேலாது, அவர் முதல் விளையாடின ரீமும் ராஜஸ்தான் தான், 2008ல கப் எடுத்த ரீம், அங்க சந்தோசமா முடிக்கட்டும். கோச் அண்ணை சொன்னாப் பிறகு வீரை எடுத்ததும் சரியெண்டு தான் படுது.

பத்திரன விசயத்தில மட்டும் நான் மாறேல்ல. ஒரு மெட்ச்சில வெளிநாட்டு ஆக்கள் நாலு பேர் தான் இறங்கலாம். நூரும் பிரெவிஸும் நிச்சயம். மிச்சம் ரெண்டு இடத்துக்கு எல்லிஸ், ஓவர்ட்டன், மெட் ஹென்றி, அகீல் ஹுசைன், மத்தியூ ஷோர்ட், ஃபோல்க்ஸ் எண்டு ஆறு பேர். ஹென்றி புதுப்பந்துக்கு நல்லவன், 19ம் ஓவருக்கு இல்ல. அகீல் ஸ்பின். ஆகக் கடைசி ஓவர் போட எல்லிஸ் ஒருத்தன் தான் சரியான ஆள், அவனுக்கு ஒரு சின்னக் காயம் வந்தா கலீலும் கம்போஜும் தான் போட வேணும், ரெண்டு பேருமே முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில விக்கெட் எடுக்கிற ஆக்கள். ஏலம் முடியேக்க பேர்ஸில 2.40 கோடி மிஞ்சிக் கிடந்தது. ஷோர்ட்டுக்குக் குடுத்த 1.50ஐயும் அதோட சேத்து, கடைசி ஓவர் போடுற இன்னொருத்தனை எடுத்திருந்தா நான் இந்தக் கேள்வியே போட்டிருக்கமாட்டன். எல்லிஸுக்கு அடுத்ததா ஆரை நம்பிறது எண்டதுக்கு ஆரிட்டயும் பேர் இருந்தாச் சொல்லுங்கோ.

மல்லாவி_கோச்:

குர்ஜப்நீத் சிங். தமிழ்நாட்டு ரீமுக்கு விளையாடுற பெடியன், உயரமான இடதுகை வேகம், 2.20 கோடிக்கு எடுத்து போன சீசன் காயத்தால ஒரு மெட்ச்சும் இறங்கேல்ல. சுகமாகி வந்தா அவனுக்குக் கடைசி ஓவரைக் குடுத்துப் பாக்க வேணும். இந்தியப் பிளேயர், வெளிநாட்டு இடமும் போகாது.