நம்மகிட்ட கேக்காமலே நம்மள எழுதி வச்ச லாக்: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

செந்தூல் ஒயிட்மேஜ்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், நேத்து ரெய்டு, அதான் கூட்டமா சேந்து பெரிய பாஸ அடிக்கிறது, முடிஞ்சு தூக்கம் வரல, அதான் இப்ப உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் ஃபைனல் ஃபேன்டசி 14ங்குற ஆன்லைன் கேம் ஆடுறேன், எலிமென்டல் டேட்டா சென்டர், டோன்பெர்ரி சர்வர். நம்ம மலேசியா, சிங்கப்பூரு, பிலிப்பீன்சு ஆளுங்க நெறைய பேரு அங்கதான் கெடக்குறோம். கேஎல் லோ யாட் பிளாசால செகன்ட் ஹேண்டா வாங்குன பிஎஸ்4லதான் ரொம்ப வருஷம் ஓட்டுனேன். இத ஏன் சொல்றேன்னா பிளேஸ்டேஷன்ல எந்த பிளகினும் (கேமோட ஒட்டிக்கிற வெளி புரோகிராம்) போட முடியாது, என் டேமேஜ் எவ்ளோன்னு எனக்கே தெரியாது, அடிச்சேன் ஹீல் பண்ணேன் செத்தேன் அவ்ளோதான்.

2022 ஆகஸ்ட் கடைசில அபிஸோஸ் சாவேஜ்னு கஷ்டமான ரெய்டு வந்திச்சு. கேம்ல ஆள் சேக்குற பார்ட்டி ஃபைண்டர்ல முன்னபின்ன தெரியாத ஏழு பேரோட முதல் பாஸுக்கு போனேன். அன்னிக்கு செந்தூல்ல இடி மின்னல் பேய்மழை, லைன் போய்ப் போய் வருது, நான் திரும்பி வந்தா தரையில கெடப்பேன், இன்னொரு ஹீலர்தான் என்ன எழுப்பி எழுப்பி விட்டாரு. எப்படியோ பாஸ் செத்துட்டான். எனக்கு அன்னிக்கு தீவாளிதான், அம்மாவ எழுப்பி சொன்னேன், அவங்க என்னடா நடுராத்திரில கத்துறன்னு திட்டிட்டு திரும்பிப் படுத்துட்டாங்க.

நாலு மாசம் கழிச்சு ஒரு ஸ்டாடிக்ல (எப்பவும் ஒண்ணா ஆடுற குரூப்பு) ஹீலர் தேடுறாங்கன்னு கேட்டுப் போனேன். லீடர் நல்லாதான் பேசுனாரு, அப்புறம் ஒரு லிங்க் அனுப்புனாரு. சண்டப் பதிவ, அதான் லாக்க, ஏத்துற எஃப்எஃப்லாக்ஸ் சைட்ல என் பேரு, என் சர்வர், அந்த ராத்திரி, எத்தன தடவ செத்தேன் எல்லாம் இருக்கு, பக்கத்துல சாம்பல் கலர்ல 3ன்னு ஒரு நம்பர். அதே ஜாப் ஆடி அந்த பாஸ கொன்ன ஆளுங்களோட டேமேஜ ஒப்பிட்டு போடுற மார்க் அது, 25க்கு கீழ போனா சாம்பல், மேல மேல பச்சை நீலம் ஊதா ஆரஞ்சு, 99க்கு பிங்க், 100க்கு தங்கம். நான் சொன்னேன் அண்ணே எனக்கு லாக்கே கிடையாதே நான் பிளேஸ்டேஷன்னு. அவரு சொல்றாரு, "உன்கிட்ட இல்ல தம்பி, உன்கூட இருந்த எவனோ ஒருத்தன்கிட்ட இருந்திருக்கு."

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. ஏசிடின்னு ஒரு புரோகிராம் இருக்கு, பிசில ஓடும், சர்வர்ல இருந்து அவன் கம்ப்யூட்டருக்கு வர்ற தகவல படிச்சு கணக்கு போடும். நான் ஒரு ஸ்பெல் போட்டா அது எவ்ளோ அடிச்சிச்சுன்னு கேம் எட்டு பேருக்கும் அனுப்பித்தான் ஆகணும், இல்லன்னா அவங்க ஸ்கிரீன்ல தெரியாது. அதனால எட்டுல ஒருத்தன் போட்டிருந்தா போதும், மத்த ஏழு பேரும் உள்ள. கேம் விதிப்படி மூணாம் ஆளு டூல் எதுவும் கூடாது. ஆனா பிசில ஓடுறது சர்வருக்குத் தெரியாது, சேட்ல வாயத் தொறந்து "உன் டிபிஎஸ் (செகண்டுக்கு அடிக்கிற டேமேஜ்) கம்மி"ன்னு எவனாச்சும் சொன்னாதான் ரிப்போர்ட் அடிச்சு மாட்டி விடலாம். அதனால யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்ல, சத்தமே இல்லாம பார்ட்டிய விட்டுப் போயிருவாங்க. எதுக்குப் போனான்னு பிளேஸ்டேஷன்காரன் மண்டைய சொறிஞ்சிக்கிட்டு நிப்பான், பல தடவ நின்னிருக்கேன்.

சரி என் கத சின்னது. என் பெரியம்மா மக, எனக்கு அக்கா, அவங்களுக்கு நடந்தது வேற. அவங்க இருந்த ஃப்ரீ கம்பெனில (கேம்ல இருக்குற கிளப்பு மாதிரி) ஒரு ஆளு தெனம் மெசேஜ், எங்க இருக்க, யாரோட ஆடுற, ஏன் பதில் இல்ல. அக்கா கம்பெனிய விட்டுட்டு அவன பிளாக்லிஸ்ட்ல போட்டாங்க. கொஞ்ச நாள்ல வேற வழியா ஆள் விட்டு சொல்றான், "அவ இப்பல்லாம் அந்தக் குரூப்போட போறா"ன்னு. லாக் சைட்ல அக்காகூட யாரு இருந்தாங்கன்னு வரிசையா பேரு இருக்கும், எப்ப ஆரம்பிச்சாங்க எப்ப முடிச்சாங்கன்னு நேரம் இருக்கும். அக்கா ஏசிடிய கண்ணால பாத்ததுகூட கிடையாது. (இங்க ரெண்டு வரி இருந்திச்சு, எடுத்துட்டேன், ஏன்னு கீழ சொல்லிருக்கேன்.)

அக்கா அந்த கேரக்டர அப்படியே விட்டுட்டு புதுசா ஒன்னு ஆரம்பிச்சாங்க. வேற பேரு, வேற ரேஸ், ரெய்டு பக்கமே தல வச்சுப் படுக்கல, வீடு கட்டுறது மீன் பிடிக்கிறது மட்டும். 2025 தொடக்கத்துல ஒருநாள் அவன் அந்தப் புது கேரக்டர் முன்னாடி வந்து நின்னு பழைய பேர சொல்லி ஹாய்ங்குறான்.

பிளேயர்ஸ்கோப்னு ஒரு பிளகின் அந்த சமயத்துல சுத்திக்கிட்டு இருந்திச்சு. அத போட்டவன் போற வர்ற எடத்துல கண்ணுல படுற எல்லா ஆளுங்களோட உள் அடையாள எண்ணையும் ஒரே எடத்துல கொண்டு போயி சேக்கும், அத வச்சு இந்த கேரக்டரும் அந்த கேரக்டரும் ஒரே அக்கவுன்ட்டுன்னு காட்டும். அந்த எண் எப்படி எல்லார் கம்ப்யூட்டருக்கும் வந்திச்சு தெரியுமா? 2024ல வந்த டான்ட்ரெயில் விரிவாக்கத்துல பிளாக்லிஸ்ட மாத்துனாங்க, ஒரு ஆள பிளாக் பண்ணா அவனோட எல்லா கேரக்டரும் மறையுற மாதிரி. நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. ஆனா அதுக்கு அக்கவுன்ட் எண் நம்ம பக்கம் வரணும், வந்திச்சு, படிச்சிட்டானுங்க. தொரத்துறவன்கிட்ட இருந்து தப்பிக்க போட்ட கதவு வழியாவே தொரத்துறவன் உள்ள வந்துட்டான்.

உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருந்தா சொல்லுங்க. பேரு போடாதீங்க.

பட்டர்வொர்த் டேங்கு:

தம்பி, உங்க அக்காவுக்கு நடந்தது படிக்கவே கோவமா வருது. ஆனா லாக்கையும் பிளேயர்ஸ்கோப்பையும் ஒரே தட்டுல வைக்காதீங்க லா.

நான் ரெய்டு லீடர், ஏசிடி போடுறவன், ஒளிச்சு மறைக்கல. அதே அபிஸோஸ் கடைசி பாஸ ஞாபகம் இருக்கா, எச்பி (உயிர் அளவு) அதிகமா வச்சுட்டோம்னு கேம் கம்பெனியே பொறவு ஒரு சதவீதம் கிட்ட கொறச்சாங்க. அந்தக் கொறைப்புக்கு முன்னாடி நாங்க மூணு ராத்திரி 1 சதவீதத்துல என்ரேஜ் (நேரம் முடிஞ்சதும் பாஸ் எல்லாரையும் கொன்னுருவான்) ஆகி செத்தோம். எட்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறோம். எல்லாரும் எங்க டிராகூன் ஜாப் பையனதான் சந்தேகப்பட்டாங்க, பாவம் அவன் நானே போயிர்றேன்னு சொல்லிட்டான். லாக்க தொறந்து பாத்தா பையன் ஒழுங்கா அடிச்சிருக்கான், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவ எல்லாரோட அடியையும் ஏத்துற பஃப்ப ஒவ்வொரு தடவையும் எட்டு செகண்டு லேட்டா போட்டது நானே ஆள் சேத்த என் மச்சான். அன்னிக்கு லாக் இல்லன்னா அந்தப் பையன் பழியோட போயிருப்பான்.

ஆனா ஒன்னு ஒத்துக்குறேன். ஏத்தும்போது பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேட்னு மூணு இருக்கு. முன்னாடி யோசிக்காம பப்ளிக்தான் விடுவேன், மார்க் ஏறணுமே, தங்கக் கலரு ஆச யார விட்டுச்சு. இந்த கத படிச்சதும் போயி பழசெல்லாம் எண்ணிப் பாத்தேன், ராண்டம் பார்ட்டி மட்டுமே அறுவத்தி சொச்சம் கெடக்கு. அதுல இருக்குறவங்க யாருகிட்டயும் நான் கேட்டதில்ல, ஒருத்தர்கிட்டகூட.

கெப்போங் சப்போர்ட்:

டோட்டா கேம் ஆளு நானு, ரெய்டு எல்லாம் தெரியாது. ஸ்கூல் முடிஞ்சு சிசில (சைபர் கஃபே) போயி ஒரு மணிக்கு ரெண்டு வெள்ளி குடுத்து ஆடுன காலத்துல ஒருத்தன் எங்க டீம பாத்தே நாங்க எடுக்குற ஹீரோவ பேன் பண்ணுவான், நான் எத எடுப்பேன்னு எப்படிடா தெரியுதுன்னு மண்ட காயும். பொறவு பாத்தா ஒரு ஓவர்லே ஆப்பு, மேட்ச் ஆரம்பிக்கும்போதே எதிராளி அடிக்கடி எடுக்குற ஹீரோவெல்லாம் பக்கத்துல காட்டுது. செட்டிங்ஸ்ல எக்ஸ்போஸ் பப்ளிக் மேட்ச் டேட்டான்னு ஒரு டிக் இருக்கு, அத எடுத்தேன், அத்தோட நிம்மதி. ஆனா என் கணக்கையும் வெளி சைட்ல நான் பாக்க முடியல, போவுது விடு, என் வின் ரேட்ட நானே பாக்காம இருக்குறது உடம்புக்கு நல்லது.

ஐர் ஈத்தாம் அண்ணன்:

நான் வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) காலத்து ஆளு, பினாங்குல அப்ப அமெரிக்கா சர்வர்லதான் ஆடணும், ஓஷியானிக் (ஆஸ்திரேலியா பக்கம்) ரெய்டு மணிக்கு ஏத்த மாதிரி பசியாறல், ரெய்டு, வேல, தூக்கம்னு வாழ்க்க.

வாவ்ல இது திருட்டுத்தனமே இல்ல, கம்பெனியே குடுத்தது. காம்பேட்லாக்னு ஒரு கமாண்டு அடிச்சா லாக்ஸ் ஃபோல்டர்ல டெக்ஸ்ட் ஃபைலா எழுதிக்கிட்டே போகும். அட்வான்ஸ்டுன்னு ஒரு ஆப்ஷன் போட்டா நீ எந்த எடத்துல நின்னன்னு பாயின்ட்டு பாயின்ட்டா, என்ன கியர் (ஆயுதம், கவசம்) போட்டிருந்தன்னு அதுவும் சேத்து. எங்க கில்டு (குழு) லீடரு ஒரு சீனரு, ரொம்ப நல்ல மனுஷன், ஆனா செவ்வாக்கெழம தோறும் வாய்ஸ்ல வரிசையா வாசிப்பாரு, யாரு எத்தன செகண்டு நெருப்புல நின்னான்னு. ஒரு தடவ என் பேருக்கு பதினோரு செகண்டு. அம்மா கதவ தட்டி கேஸ் தீந்துருச்சுன்னு சொன்ன பதினோரு செகண்டு அது. லாக்ல கேஸ் தீந்தது எழுதாது.

எங்களுக்கு அது பழகிருச்சு, ஏன்னா எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒரே ஃபைல பாக்குறோம், சண்ட போட்டாலும் ஒரே மேசையில. செந்தூல் தம்பி விஷயத்துல ஏழு பேருல யாரு எழுதுறான்னே தெரியல, அந்த எடந்தான் எனக்கு உறுத்துது.

இன்னொன்னு, சின்னப் பசங்களுக்குத் தெரியாது. 2010 ஜூலைல வாவ் கம்பெனி பிளிசார்ட் அவங்க கருத்துப் பலகையில எழுதுறவங்க எல்லாரும் நெசப் பேருலதான் எழுதணும்னு அறிவிச்சாங்க, 6ஆம் தேதி சொல்லி, வந்த எதிர்ப்புல 9ஆம் தேதி வாபஸ். மூணே நாளு. எங்க கில்டுல இருந்த ரெண்டு பொம்பள புள்ளைங்க அந்த மூணு நாளும் லாகினே பண்ணல. அதுங்க பொம்பள புள்ளைங்கன்னே எங்களுக்கு அன்னிக்குதான் தெரிஞ்சிச்சு.

பாயான் பாரு மீனவள்:

நானும் ஹவுசிங் மீன்பிடி கோஷ்டிதான், அக்காவுக்கு ஒரு கும்பிடு.

ஆபீஸ்ல என் வேலையே தனிப்பட்ட தகவல் விவகாரந்தான், அதனால இது சட்டப்படி குத்தமான்னு எல்லாரும் கேக்குற கேள்விக்கு மட்டும் சொல்லிர்றேன். நம்ம நாட்டுல 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2013 நவம்பர்ல நடைமுறைக்கு வந்திச்சு. அது வர்த்தகத் தொடர்புள்ள தகவலுக்குத்தான். ஒரு ஆளு தன் சொந்த விஷயத்துக்கு, பொழுதுபோக்கு உட்பட, வச்சிருக்குற தகவலுக்கு 45வது பிரிவுல விலக்கே இருக்கு. பொழுதுபோக்குன்னு எழுத்துலயே இருக்கு. அத வச்சு ஒரு ஏசிடிகாரன் மேல போலீஸ் ரிப்போர்ட் எழுதலாம்னு எவனாச்சும் சொன்னா தே தாரிக் வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க. ஆனா அக்கா விஷயத்துல அந்த ஆளோட மெசேஜெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, தொந்தரவு பண்றது வேற கணக்கு, டூல் வேற கணக்கு.

பிளேயர்ஸ்கோப்புக்கு கேம் தயாரிப்பாளர் யோஷிடா 2025 ஜனவரில அறிக்க விட்டாரு, முகவரி, பணம் கட்டுன விவரம் எல்லாம் அதுல எடுக்க முடியாது, டூல எடுக்கச் சொல்லிக் கேப்போம், சட்ட நடவடிக்கையும் யோசிக்கிறோம்னு. எனக்கு அதுல முகவரி பேச்சே எரிச்சலா இருந்திச்சு. அக்கா வீட்டுக்கு எவனும் வரல சாமி, அவங்க மீன் பிடிக்கிற கொளத்துக்குத்தான் வந்தான்.

அப்புறம் அதுல இருந்து நம்ம பேர எடுக்கணும்னா அத செஞ்சவங்களோட டிஸ்கார்டுல போயி சேரணும்னாங்க. திருடன் வீட்டு வாசல்ல வரிசையில நின்னு என் பேர அடிச்சிருங்கன்னு சொல்றது. லாக் சைட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், நம்ம பக்கத்த மறைக்கணும்னா அங்க அக்கவுன்ட் தொறந்து, ஒரு கோட நம்ம லோட்ஸ்டோன் (கேமோட அதிகாரபூர்வ சைட்டு) புரொஃபைல்ல ஒட்டி, இது நாந்தான்னு நிரூபிக்கணும். ஆனா அது வேல செய்யுது, நான் செஞ்சிருக்கேன், பத்து நிமிஷம் ஆகும்.

கெப்போங் சப்போர்ட்:

மறைச்சா மட்டும் என்ன, பக்கம் காணோம்னா இவன் ஏதோ மறைக்கிறான்னுதான் நெனப்பானுங்க.

பட்டர்வொர்த் டேங்கு:

நெனப்பானுங்க இல்ல, நானே நெனச்சிருக்கேன். ஆள் எடுக்கும்போது மறைச்ச பக்கம்னா அடுத்த ஆளுக்கு போயிருவேன். இப்ப எழுதும்போதுதான் கூச்சமா இருக்கு.

பழசெல்லாம் பிரைவேட்டா மாத்திக்கிட்டு இருக்கேன், ஒன்னு ஒன்னா கிளிக் பண்ணி. நாப்பது ஆச்சு. எங்க குரூப்புக்கு ஹீலர் ஒரு ஆள் வேணும், செந்தூல் தம்பி, அந்த 3 மார்க்க நான் பாத்துட்டேன், பரவால்ல, நேரா வந்து ஆடிக் காட்டு.

செந்தூல் ஒயிட்மேஜ்:

அண்ணே நன்றி, வர்றேன். ஆனா நான் இன்னும் பிளேஸ்டேஷன்தான், பிஎஸ்5 ஆக்கிட்டேன் அவ்ளோதான். என் கணக்கு தெரியணும்னா கேம்லயே இருக்குற ஸ்டோன் ஸ்கை சீ பயிற்சி பொம்மையதான் அடிச்சிப் பாத்துக்குவேன், அது ஒடையுதா ஒடையலையான்னு மட்டும் சொல்லும், யாருகிட்டயும் போயி சொல்லாது. லாக் போடுங்க, பாத்துட்டு எங்க தப்புன்னு சொல்லுங்க, சைட்ல ஏத்தும்போது மட்டும் பிரைவேட்.

மேல ரெண்டு வரி எடுத்ததுக்கு காரணம். நேத்து எழுதிட்டு அக்காவுக்கு லிங்க் அனுப்புனேன், சந்தோஷப்படுவாங்கன்னு. படிச்சிட்டு உடனே போன் அடிச்சாங்க. அவங்க எந்தெந்த நாள் எத்தன மணிக்கு உள்ள வருவாங்கன்னு அவன் கண்டுபிடிச்சத வெளக்குறேன்னு சொல்லி, அந்த நாளு மணி எல்லாத்தையும் நானே எழுதி வச்சிருக்கேன். அது மட்டுமில்ல, எந்த கொளத்துல மீன் பிடிப்பாங்கன்னு வேற. "டேய், அவன்கூட இவ்ளோ வெவரமா எழுதலடா" ன்னாங்க.

ரெண்டு வரியும் எடுத்துட்டேன். நேத்து ராத்திரில இருந்து காலைல பத்து வரைக்கும் அது இருந்திச்சு, யாரு யாரு படிச்சீங்களோ. காப்பி எடுத்து வச்சிருந்தா தயவு செஞ்சு அழிச்சிருங்க.