இதய-நுரையீரல் தகுதியா, திறனா?

அன்புடையீர், வணக்கம்.

'cardiorespiratory fitness' என்ற ஆங்கிலத் தொடருக்கு நம் சொற்பட்டியலில் 'இதய-நுரையீரல் தகுதி' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். தகுதி என்பது உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் சொல். நாம் பெயரிட முனைவதோ, கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த வல்லது என்பதை. அது இளமைக்குப் பின் படிப்படியாகக் குறைவது. ஆகவே 'இதய-நுரையீரல் திறன்' என்பதே பொருந்தும்.

அதை 'மூச்சுத்திறன்' என்று சுருக்குவதும் தவறான பொருளைத் தரும். நோயற்ற முதியவரிடம் இத்திறன் குறைய முதன்மைக் காரணம் நுரையீரல் அன்று. இதயத்தின் உச்சத் துடிப்பு வயதோடு இறங்குகிறது (208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், தோராயமாக 30 வயதில் நிமிடத்துக்கு 187, 70 வயதில் 159); தசைகள் இளைப்பதால், அவை இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதும் குறைகிறது.

அளவைக்கு 'உச்ச ஆக்சிஜன் நுகர்வு' என்பதே போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லிலிட்டர் என்று அதைக் குறிக்கிறார்கள். இயல்பான நடைக்கு ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் தேவை. உச்சம் 40 உள்ளவருக்கு அது கால் பங்கு; உச்சம் 18ஆக இறங்கிவிட்டவருக்கோ பாதிக்கும் மேல். ஒரே வேகத்தில் உடன் நடக்கும் இருவரில் ஒருவர் பேசிக்கொண்டே வர, மற்றவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குவது இதனால்தான்.

இனி, குறைவதற்கான சொல். 'தேய்மானம்' வேண்டாம், அது ஒரே சீராக நடப்பதையும் மீளாததையும் உணர்த்துகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வில், இருபது, முப்பது வயதுகளில் பத்தாண்டுக்கு 3 முதல் 6 விழுக்காடாக இருந்த இறக்கம், எழுபதுக்கு மேல் 20 விழுக்காட்டையும் தாண்டியது. அந்நாட்டின் டல்லஸில் 1966இல், 20 வயது இளைஞர் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தபோது அவர்கள் இழந்த திறன், அதே ஐவர் அடுத்த 30 ஆண்டுகளில் இழந்ததைவிட அதிகம்! ஐம்பது வயதில் ஆறு மாதப் பயிற்சி பெற்றதும், அந்த 30 ஆண்டு இழப்பை அவர்கள் மீட்டனர். உச்சத் துடிப்பு மட்டும் மீளவில்லை.

எனவே, வயதால் வரும் 'மூப்புச் சரிவு', உடலை அசைக்காமல் இருப்பதால் வரும் 'அசைவின்மைச் சரிவு' என்ற இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டுகிறேன்.