ஒரே ஒரு எஸ் படுத்தும் பாடு

டியூஷன் அக்கா:
சாயங்காலம் மொட்டை மாடியில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஹி, ஷீ, இட் வந்தால் வினைச்சொல்லில் எஸ் சேர்க்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எழுதச் சொன்னால்தான் எஸ் காணாமல் போகும்.

போன வாரம் ஒரு பெண்ணின் நோட்டைத் திருத்தினேன். ‘மை பிரதர் கோஸ் டு ஸ்கூல்’, சரி. ‘மை டாக் ஸ்லீப்ஸ்’, அதுவும் சரி. ‘மை டீச்சர் கம் பை பஸ்’, ‘மை மதர் குக் ரைஸ்’, இரண்டும் தப்பு. அடுத்த வரியில் மறுபடி தம்பி, மறுபடி சரி. கவனக்குறைவு என்றால் இப்படி ஆள் பார்த்தா வரும்? கூப்பிட்டுக் கேட்டேன்.

“அக்கா, தம்பி போறான். டீச்சர் வர்றாங்கல்ல?” என்றாள்.

அப்போதுதான் பிடிபட்டது. பேச்சில் ‘வர்றாங்க’ என்றால் மரியாதைக்குரிய ஒருவரும்தான், பத்துப் பேரும்தான். அவள் டீச்சரையும் அம்மாவையும் ‘தே’ கணக்கில் வைத்து எஸ்ஸை எடுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் காரணம் கேட்காமல் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: இங்கிலீஷில் டீச்சருக்கும் நாய்க்கும் ஒரே எஸ்தான்.

மூக்கறுந்தவன்:
என் கதை ஒரு கம்பெனி நேர்காணலில். “எவ்ரிபடி நோ திஸ், சார்” என்றேன். எதிரே இருந்தவர் “நோஸ்” என்றார். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று மூக்கைத் தடவிப் பார்த்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள். எவ்ரிபடி என்றால் எல்லோரும், எல்லோரும் என்றால் பன்மை. எஸ் எதற்கு என்பது என் கணக்கு. அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒருமை என்று பள்ளியில் படித்ததுதான், வாய்க்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. அப்புறம் பயத்தில் எல்லா இடத்திலும் எஸ் போட ஆரம்பித்தேன். ‘ஹி டஸின்ட் நோஸ்’ வரைக்கும் போனது. டஸ்ஸிலேயே எஸ் ஏறிவிட்டதால் பின்னால் வருகிற வினைக்கு அது வேண்டாம் என்று மனைவிதான் திருத்தினாள்.

நார்விச் நர்ஸ்:
நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கில், நார்விச்சில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா தன் மகளைப் பற்றி “ஷீ கோ டு சர்ச் எவ்ரி சண்டே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த எஸ்ஸுக்காக நான் வாங்கிய அடி கொஞ்சமா! கூட வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண், நார்ஃபோக், சஃபோக் பக்கத்துப் பழைய ஆட்கள் பேச்சு அப்படித்தான் என்றாள். அது தப்பில்லை, வட்டார வழக்கு. பிறகு தேடிப் படித்ததில், இந்த எஸ்ஸே இங்கிலாந்தின் வடக்கிலிருந்து தெற்கே பரவியதுதானாம். அதற்கு முன் தெற்கில் ‘எத்’. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ‘மேக்கத்’, ‘லீடத்’ என்றே இருக்கும். சிறு வயதில் அந்த பைபிளின் சங்கீதப் பாடல்களை மனப்பாடம் செய்தபோது அதை ஏதோ பக்திச் சொல் என்று நினைத்திருந்தேன்.

புரூஃப் பார்ப்பவன்:
எஸ் விட்டால் சிரிக்கிறோம், சரி. தினமும் என் மேசைக்கு ‘கட்டடங்கள் இருக்கிறது’, ‘மாடுகள் மேய்கிறது’ என்று வருவதை யார் கேட்பது? ‘இருக்கின்றன’, ‘மேய்கின்றன’ என்று மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று நேற்றுகூட ஒரு தலையங்கத்தில் வந்தது. மேலே மூக்கைத் தடவியவரின் எவ்ரிபடிக்கு அது சொந்தத் தம்பி. இதற்காக யாருக்கும் வேலை போனதில்லை.

டியூஷன் அக்கா:
நேற்று ‘கேன்’ நடத்தினேன். அதற்கு ஏன் எஸ் இல்லை என்று ஒரு பையன் கேட்டான். என்னால் முடியும், அவனால் முடியும், அவர்களால் முடியும்; ‘முடியும்’ மாறுகிறதா? கேனும் அப்படித்தான் என்றேன். தலையாட்டிவிட்டு எழுதப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணின் நோட்டும் வந்தது. ‘மை கிராண்ட்மதர் டெல்ஸ் ஸ்டோரீஸ்’ என்று எஸ்ஸோடு எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில்: ‘ஸாரி பாட்டி’.