மலைச்சாலையில் ஐந்து நாள் கார்ப் பயணம்: ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்?

கேள்வி:
மலைத்தொடரையும் அதையொட்டி ஏறி இறங்கும் புல்வெளிகளையும் ஐந்து நாட்களில் காரில் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். முதியவர்களும் உடன் வருவதால், நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவது சரியாக இருக்கும்?

பதில் 1:
தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கு, வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். காட்சிகளுக்காக நிற்கும் நேரமும் அதோடு சேரும் என்பதால், நான்கு மணி நேர ஓட்டமே போதும் என்பது என் கருத்து.

பதில் 2:
இறக்கத்தில் பிரேக்கையே தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது பயன்படுத்திய அதே கியரிலேயே இறங்குங்கள். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் (ஆக்சிஜன் குறைவால் வரும் தலைவலி, குமட்டல்) வரக்கூடும் என்பதால், முதியவர்களுக்காக இரவுத் தங்கலைத் தாழ்வான இடத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குளிர் கூடும். கம்பளி ஆடைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.