ரிப்போர்ட்ல உயிரணு ஓட்டம் 18%னு வந்திருக்கு, குழந்தைக்கு வாய்ப்பு இருக்கா?

பாமணி_கரை:
வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம், கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் "ஏதும் விசேஷம் உண்டா"ன்னு என் வீட்டம்மாவத்தான் கேக்குறாங்க. திருக்கருகாவூர் போய் படி மெழுகி நெய் வாங்கி 48 நாள் சாப்பிட்டாங்க, ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. என்னைய யாருமே டெஸ்ட் எடுக்கச் சொல்லல, நானாதான் போனேன். விந்து சாம்பிள் வீட்லயே எடுத்துட்டு, வெயில்ல கெட்டுடப் போகுதேன்னு பையில ஜில்லுன்னு ஒரு தண்ணி பாட்டில் பக்கத்துல வச்சு பைக்ல கும்பகோணம் கிளம்புனேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டு ரொம்ப நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு, லேப்ல குடுக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 3.8 கோடி. முன்னோக்கி ஓடுறது 18%, நின்ன இடத்துல அசையறது 14%, அசையாதது 68%. மச்சான்கிட்ட சொன்னா இது ஆண்மைக்குறைவு, பஸ் ஸ்டாண்டு சுவத்துல இருக்குற நம்பருக்கு போன் போடுங்கறான். மூணு நாளா தூக்கமே இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்லைடு_பாக்கிறவன்:
தம்பி, முதல்ல அந்த ரிப்போர்ட்ட ஓரமா வைங்க. நான் 14 வருஷமா லேப்ல வேலை பாக்குறேன். சாம்பிள எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்தாகணும், வர்ற வழியில 20 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, 37க்கு மேல ஏறவும் கூடாது. பால் மாதிரி கெட்டுடும்னு நீங்க ஜில்லுல வச்சிருக்கீங்க, குளிர் பட்டா வால் ஆட்டம் அடங்கிப் போயிடும், நேரம் ஆக ஆக இன்னும் குறையும். எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னு கேக்காம ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்தது அந்த லேப் பண்ணின தப்பு, உங்க தப்பு இல்ல.

இந்த ஓட்டம்னா என்னன்னு சொல்றேன். சாம்பிள் முதல்ல ஆறிப்போன கஞ்சி மாதிரி கெட்டியா இருக்கும், அரை மணி நேரத்துல இளகிடும். அதுல ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சு 400 மடங்கு பெருசாக்கிப் பாத்தா வாய்க்கால்ல தவளைக்குஞ்சு திரியற மாதிரிதான் தெரியும். சிலது இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நேரா ஓடும், சிலது வால ஆட்டி ஆட்டி அங்கேயே வட்டம் போடும், சிலது சும்மா கிடக்கும். உங்க 18, 14, 68 இதைத்தான் சொல்லுது. சும்மா கிடக்கறதெல்லாம் செத்ததுன்னு அர்த்தம் இல்ல, சாயம் போட்டுப் பாத்தாதான் எது உயிரோட இருக்குன்னு தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட கணக்குப்படி முன்னோக்கி ஓடுறது 30%, நின்ன இடத்துல அசையறதையும் சேத்து மொத்த ஓட்டம் 42%. இத பாஸ் மார்க்குன்னு நினைச்சுக்காதீங்க தம்பி. ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆம்பளைங்களோட கணக்க வரிசையா வச்சு, கடைசி 5% பேருக்கு மேல கோடு போட்டிருக்காங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தவங்களும் அப்பா ஆனவங்கதான். அப்புறம் இதுக்கும் ஆண்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, விந்து கெட்டியா இருக்கா தண்ணியா இருக்கான்னு கண்ணால பாத்தும் எதுவும் சொல்ல முடியாது. சுவத்து நம்பருக்கு தயவுசெஞ்சு போன் போடாதீங்க. விந்து வெளியேறாம ரெண்டுல இருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு, லேப்லயே இருக்குற ரூம்ல சாம்பிள் குடுங்க.

கடைமடை_விவசாயி:
லேப் அண்ணன் சொல்றது சரிதான். எனக்கு ஜில்லு பாட்டில் கதையெல்லாம் இல்ல, ரெண்டு தடவை பாத்தும் 20 தாண்டல. நான் அப்ப ரைஸ் மில்லுல நெல் அவிக்கிற இடத்துல வேலை, நாள் முழுக்க ஆவியிலதான் நிப்பேன். வயித்துக்குள்ள இருக்குற சூட்ட விட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருந்தாதான் விதைக்கு ஆகும், அதுக்குத்தான் அது வெளிய தொங்குது, இத டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊர்ல உடம்பு சூடுன்னு நுங்கும் மோருமா குடிக்கச் சொல்றாங்களே அது வேற, இது அந்த இடத்தோட சூடு. நிக்க வச்சு கையால தொட்டுப் பாத்தார், இடது பக்கம் ரத்தக்குழாய் மண்புழு சுருண்ட மாதிரி புடைச்சிருந்துச்சு, வெரிகோசீல்னாரு. ஆபரேஷன் பண்ணி, மில்லு வேலைய விட்டு, பீடியையும் விட்டேன். உடனே ஒண்ணும் தெரியல, ஏன்னா ஒரு உயிரணு உருவாகவே 74 நாள் கிட்ட ஆகுதாம், உருவானதும் அதுக்கு நீந்தத் தெரியாதாம், விதைக்குப் பின்னால சுருண்டு கிடக்குற குழாய்ல ரெண்டு வாரம் போல ஊறி வந்தாதான் அந்த சக்தியே வருமாம். அதனால எது மாத்துனாலும் மூணு மாசம் பொறுக்கணும். ஆறு மாசத்துல 34 வந்துச்சு.

எனக்கு மனசுல பதிஞ்சது ஒண்ணு சொல்றேன். மேட்டூர்ல அவ்ளோ தண்ணி திறக்குறாங்க, கல்லணை தாண்டி, மதகு மதகா பிரிஞ்சு எங்க ஊருக்கு வரும்போது கணுக்கால் அளவுதான் நிக்கும். அது மாதிரிதான் இதுவும். கோடிக்கணக்குல கிளம்பும், கருமுட்டை பக்கத்துல போய் சேர்றது சில நூறுதான். வழியில கர்ப்பப்பை வாய்ல சளி அடைச்சிருக்கும், முட்டை வெளிய வர்ற நாள் பக்கத்துலதான் அது இளகும், அதையும் நேரா ஓடுறதுதான் தாண்டும், வட்டம் போடுறதுக்கு முடியாது. அதான் டாக்டருங்க அந்த முதல் நம்பரயே பாக்குறாங்க.

வெண்ணாறு_டீச்சர்:
தம்பி நீங்களா போய் டெஸ்ட் எடுத்தீங்க பாருங்க, அதுக்கே உங்கள கையெடுத்துக் கும்பிடணும். எனக்கு அஞ்சு வருஷம் ஊசி, மாத்திரை, கருக்குழாய் அடைப்பு பாக்குற ட்யூப் டெஸ்ட், வலி தாங்காம அந்த டேபிள்ல கத்தியிருக்கேன். அஞ்சு வருஷம் கழிச்சுதான் வீட்டுக்காரர் ஒரு டப்பாவுல சாம்பிள் குடுத்தார், பத்து நிமிஷ வேலை. அவருக்குத்தான் ஓட்டம் ரொம்பக் கம்மி. அத முதல்லயே பாத்திருந்தா எனக்கு அந்த அஞ்சு வருஷம் மிச்சம். எங்களுக்கு கடைசில ஒரே ஒரு உயிரணுவ ஊசியால முட்டைக்குள்ள வைக்கிற முறையிலதான் பொண்ணு பொறந்தா, இக்சின்னு சொல்வாங்க, பெல்ஜியத்துல கண்டுபிடிச்சது, 1992லதான் அதுல முதல் குழந்தை பொறந்தது, அதுல உயிரணு ஓடவே வேண்டாம். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. வீட்டம்மாகிட்ட ரிப்போர்ட்ட காட்டிட்டீங்களா?

பாமணி_கரை:
நேத்து ராத்திரிதான் காட்டுனேன் அக்கா. படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இத ஏன் மூணு நாளா தனியா வச்சிருந்தீங்க"ன்னு அழுதுட்டாங்க. அடுத்த வாரம் ரெண்டு பேருமா பஸ்லயே போறோம், லேப்ல ரூம் இருக்கான்னு கேட்டு வச்சுட்டேன். அண்ணே, ஒரு சந்தேகம், போன மாசம் எனக்கு ரெண்டு நாள் நல்ல காய்ச்சல் அடிச்சுது, அதும் காரணமா இருக்குமா?

ஸ்லைடு_பாக்கிறவன்:
இருக்கலாம் தம்பி, காய்ச்சலும் சூடுதானே. அப்படின்னா இப்ப ஒண்ணு குடுங்க, இது எப்படி வந்தாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு குடுங்க, ரெண்டையும் ஒண்ணா டாக்டர்கிட்ட காட்டுங்க. காய்ச்சல் வந்த தேதிய சீட்டுல எழுதச் சொல்லுங்க, அவங்க கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க.