வுடனின் யு.சி.எல்.ஏ. அணிகளில் மிகச் சிறந்தது எது?

நடுக்கோடு (கேள்வி):
ஜான் வுடன் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 முறை என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டம் வென்றது. அவற்றுள் 1964, 1967, 1972, 1973 ஆகிய நான்கு பருவங்களில் ஆடிய 30 ஆட்டங்களையும் அது வென்றதால், சிறந்த அணி எதுவென்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த நான்கிற்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். எனக்கோ, 29 ஆட்டங்களில் வென்று ஒன்றில் தோற்ற 1968 அணியே இவை எல்லாவற்றுக்கும் மேலானதாகப் படுகிறது.

அந்த ஒரே தோல்வி, 1968 ஜனவரி 20 அன்று ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் பார்த்திருக்க, ஹூஸ்டனிடம் 71-69 என்று நேர்ந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன் கண்ணில் அடிபட்டிருந்த லூ அல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல் ஜபார்) எறிந்த 18 பந்துகளில் நான்கே கூடைக்குள் விழுந்தன. எதிரணியின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் குவித்தார். இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே ஹூஸ்டனை யு.சி.எல்.ஏ. 101-69 என்று வீழ்த்தியபோது, ஹேய்ஸை விட்டு அகலாமல் லின் ஷாக்கல்ஃபோர்டு காவல் நிற்க, அவரால் எடுக்க முடிந்தது 10 புள்ளிகள் மட்டுமே. தோல்வியே காணாத அணி என்ற ஒரே காரணத்துக்காக 1972-ஐ இதற்கு மேல் வைக்க முடியுமா?

முப்பது புள்ளி (பதில்):
தோல்வியின்மைக்காக அல்ல, வென்ற விதத்துக்காகவே நான் 1972-ஐ மேலே வைப்பேன். அந்தப் பருவத்தில் அவர்கள் எதிரணிகளைச் சராசரியாக 30 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார்கள். இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் 81-76 வரை நெருங்கி வந்தது உண்மைதான். ஆனால் யு.சி.எல்.ஏ.வைத் தாங்கிய பில் வால்டனும் கீத் வில்க்ஸும் அப்போது இரண்டாமாண்டு மாணவர்கள். வால்டன் ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்து) எடுக்கும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள்: கால் தரையைத் தொடுவதற்குள்ளாகவே உடலைத் திருப்பி, ஓரமாக ஓடத் தொடங்கிவிட்ட கார்டுக்கு (பந்தை முன்னெடுத்துச் செல்லும் ஆட்டக்காரர்) பந்தை அனுப்பிவிடுவார். எதிரணி திரும்பி ஓடி வருவதற்குள் அங்கே கூடை விழுந்திருக்கும். அல்சிண்டர் பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் இந்த வேகம் அவருடைய அணிக்கு இல்லை.

இரண்டு-இரண்டு-ஒன்று (பதில்):
இருவரும் 1964-ஐ ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லாத அணி அது. துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன் வலியுறுத்தியதன் பேரில் வுடன் கையாண்ட முழுக்கள ஜோன் பிரஸ்ஸே (களம் முழுவதும் ஆளுக்கொரு பகுதியைக் காத்து எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டம்) அவர்களுடைய உயரமாக இருந்தது. முன்னால் கெயில் குட்ரிச்சும் ஃபிரெட் ஸ்லாட்டரும், நடுவே வால்ட் ஹசார்டும் ஜாக் ஹிர்ஷும், கடைசியில் தனியாளாகக் கீத் எரிக்சனும் நிற்பார்கள். ஷாட் கிளாக் (பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டிய காலக்கெடு) இல்லாத அந்தக் காலத்தில், பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுத்தடிக்க எந்த அணிக்கும் வழி இருந்தது. பிரஸ் அந்த வழியை அடைத்து, எதிரணியைப் பதற்றத்தில் உயரமாகப் பந்து வீச வைத்தது, அந்தப் பந்துக்குத்தான் எரிக்சன் காத்திருப்பார். இறுதியாட்டத்தில் 6 அடி 10 அங்குல ஆட்டக்காரர்கள் இருவரை வைத்திருந்த டியூக், தொடர்ச்சியாக 16 புள்ளிகளை விட்டுக்கொடுத்து 98-83 என்று தோற்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கென்னி வாஷிங்டன் மட்டும் 26 புள்ளிகள் எடுத்தார்.

நடுக்கோடு:
1964 அணியின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் 1965 நவம்பரில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த யு.சி.எல்.ஏ.வின் முதன்மை அணியை, அல்சிண்டரின் முதலாமாண்டு மாணவர் அணி 75-60 என்று தோற்கடித்ததை நினைத்துப் பாருங்கள். அன்றைய விதிப்படி முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது என்பதால், அந்த அணிக்குப் பட்டியல்களில் இடமே இல்லாமல் போயிற்று. அவர்களே வளர்ந்து 1967-இல் பட்டம் வென்றார்கள்; 1968-இல் மேலும் ஓராண்டு முதிர்ச்சியோடு, முந்தைய பருவம் முழுவதும் ஆடாதிருந்த மைக் லின்னும் சேர்ந்துகொண்டார். டங்க் (எம்பிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) தடை செய்யப்பட்ட முதல் பருவத்திலேயே, வட கரோலினாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அல்சிண்டர் 34 புள்ளிகள் எடுத்து 78-55 என்று முடித்தார்.

வால்டனைப் பற்றி ஒன்று. 1973 இறுதியாட்டத்தில் மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் எறிந்த 22-இல் 21 கூடைக்குள் விழுந்தன, மொத்தம் 44 புள்ளிகள். அவற்றில் பல, சக ஆட்டக்காரர் கிரெக் லீ தலைக்கு மேலே தூக்கிப்போட்ட பந்துகள். அப்படி அளந்து தூக்கிப்போட லீக்கு நேரம் வேண்டும். 1968 அணியின் கார்டுகளான மைக் வாரனும் லூசியஸ் ஆலனும் எதிரே நின்றிருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது, கிடைத்தாலும் வால்டனுக்குப் பின்னால் 7 அடி 2 அங்குல அல்சிண்டர் நின்றிருப்பார்.