மழைநீர் மாதிரி எடுக்க உதவி வேண்டும்

வணக்கம். கொடைக்கானலில் ஆசிரியராக இருக்கிறேன். காற்றிலிருக்கும் சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் மழையோடு எவ்வளவு இறங்குகிறது என்று வடகிழக்குப் பருவமழையில் மாணவர்களோடு அளந்து பார்க்க ஆசை.

சிக்கல் மூடியில்தான். பாத்திரத்தைத் திறந்தே வைத்தால் மழையில்லாத நேரத்திலும் தூசி, பறவை எச்சம் எல்லாம் விழும். தூசியில் உள்ள கால்சியம் அமிலத்தை முறித்து பிஎச்சை (அமிலத்தன்மை அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏற்றிவிடும். மாசே இல்லாத மழைகூட கார்பன் டை ஆக்சைடு கரைவதால் 5.6 அளவில்தான் இருக்கும். நமக்கு 6.5 வந்தால் காற்று சுத்தம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதனால் முதல் துளி பட்டதும் தானே திறந்து, மழை நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி வேண்டும். சென்சாரும் சின்ன மோட்டாரும் வைத்து யாராவது செய்திருக்கிறீர்களா? இங்கே மூடுபனி அதிகம், அதற்கும் திறந்துகொள்ளுமா?

அப்புறம், மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் சாதாரண பிஎச் மீட்டர் நிலையாக நிற்பதில்லை. எந்த எலெக்ட்ரோடு வாங்கலாம்?

மதுரை, திண்டுக்கல் பக்கம் அயனி குரோமட்டோகிராபி (நீரில் கரைந்த சல்பேட், நைட்ரேட் போன்றவற்றைப் பிரித்து அளக்கும் சோதனை) செய்து தரும் ஆய்வகம் தெரிந்தாலும் சொல்லுங்கள். அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், அதனால் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டுவந்து தருகிறோம்.